நாவற்கரைக்கு நடுவில் ஆடிய மருமகன்

1

எனக்கு எழுபத்துமூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கை போன பிறகு அவளுடைய இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் எழுதியது என்று சொன்னால், லண்டனுக்கு வந்த புதிதில் அரசாங்கக் கந்தோர்க் கடுதாசிகளில் என் பெயரை மட்டும்தான். என் பெயரை அங்கே மூன்று விதமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் நான்தான் கையெழுத்து வைத்தேன்.

இப்போது எழுத வேண்டி வந்தது எங்கள் ஊர்ச் சங்கத்தால். லண்டனில் இருக்கும் நாவற்கரை ஆட்கள் ஊருக்கு ஊர் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு இது பத்தாவது வருடம். அதற்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். ஊரில் மிச்சம் இருக்கிறவர்களுக்கும் அனுப்புவார்களாம். தலைவர் தம்பையா மாஸ்டர் போன கிழமை மனோர் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு, "அக்கா, உங்கடை மருமகன் ஒரு சர்வதேச வீரர். அவரின்ரை விளையாட்டு வாழ்க்கையைப் பற்றி மலருக்கு ஒரு பக்கம் வேணும். ஆரையும் கொண்டு எழுதுவியுங்கோ" என்றார்.

ஆரையும் கொண்டு எதற்கு, நானே எழுதுகிறேன் என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "விளையாட்டை மட்டும் எழுதினால் காணும் அக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளையாட்டைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காவிட்டால் அது என் பிழையில்லை.

2

மருமகனின் பெயர் கெல்வின். ஊர் கிரெனடா. கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வைத்தால் மிச்ச இடம் இருக்கும். அங்கே சாதிக்காய் விளைகிறது. அவருடைய தாய் ஒரு பெரிய கொட்டிலில் மற்றப் பெண்களோடு இருந்து சாதிக்காய் தெரிந்தெடுக்கும் வேலை செய்தவர். தகப்பன் கப்பலில் போனவர், வரவில்லை.

அவர் பழகிய மைதானம் கடற்கரையோடு சேர்ந்தது. பந்தை ஓங்கி அடித்தால் கடலில் விழும், அடித்தவன்தான் நீந்தி எடுக்க வேண்டும். அதனால் தான் சிறு வயதிலேயே பந்தை நிலத்தோடு தட்டிக் கொடுக்கப் பழகினதாக அவர் சொல்லுவார். நல்ல சப்பாத்து இல்லாமல் ஆடி, பள்ளிக்கூடத்துக்கு ஆடி, ஊருக்கு ஆடி, கடைசியில் நாட்டுக்கு ஆடினார்.

அவர் ஆடிய இடத்துக்கு ஆங்கிலத்தில் மிட்ஃபீல்டர் என்று பெயர். நடுவில் ஓடுகிறவர். கோல் அடிப்பதும் அவர் வேலையில்லை, கோல் காப்பதும் அவர் வேலையில்லை. எனக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. பிறகு ஒருநாள் கலியாண வீட்டுப் பந்தியை நினைத்தேன். அடுப்படியில் ஒருத்தி சமைப்பாள், பந்தியில் சனம் இருக்கும். நடுவில் ஒருத்தி வாளியோடு ஓடிக்கொண்டே இருப்பாள். யாருக்குச் சோறு முடிந்தது, யார் ரசத்துக்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத்தான் தெரியும். படம் எடுக்கும்போது அவள் படத்தில் இருக்க மாட்டாள். நானும் அந்த வேலை நிறையச் செய்திருக்கிறேன். அப்படி நினைத்ததும் மிட்ஃபீல்டர் விளங்கிவிட்டது.

நாட்டு அணி என்றால் நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அயல் தீவுகளோடு ஆடப் படகில் போவார்களாம். பாதிப் பேர் வழியில் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்து, இறங்கிய கையோடு மைதானத்துக்கு. காலுறை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை பெரிய தீவு ஒன்றை வென்று திரும்பியபோது துறைமுகத்திலிருந்து வீடு வரை சனம் தோளில் தூக்கிக்கொண்டு போனதாம். அடுத்த நாள் அவர் வழமைபோல் வேலைக்குப் போனார். சாதிக்காய் மூட்டை ஏற்றும் வேலை. அதே தோள்தான்.

எண்பத்துமூன்றில் அவர்கள் தீவில் அமெரிக்க ஆமி இறங்கியது. எங்களுக்கும் அந்த வருடம்தான் கலவரம். இதை அவர் எங்கள் வீட்டில் முதல் தடவை சொன்னபோது நான் ஆங்கிலம் விளங்காத மாதிரி இருந்தேன். வருடம் மட்டும் விளங்கியது.

3

லண்டனுக்கு அவர் தன் சிறியதாயிடம் வந்தார். பெரிய கழகம் ஒன்று கூப்பிட்டுப் பார்த்தது. ஒரு மாரி முழுக்க இரண்டாம் அணியில் வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நிலம் கல்லாக உறைந்திருக்கும், கால் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லுவார். அதன் பிறகு கிழக்கு லண்டனில் ஒரு சின்னக் கழகம். பகலில் பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட், பின்னேரம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். நாட்டு அணி கூப்பிட்டால் விடுப்பு எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவார். களஞ்சிய மனேச்சருக்கு அவர் ஒரு நாட்டுக்கு ஆடுகிறவர் என்பது கடைசி வரை நம்ப முடியாத கதையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் யாருக்குச் செத்தவீடு என்று கேட்பாராம்.

அந்த நாளில் இங்கே மைதானங்களில் கறுப்பு ஆட்களைக் கண்டால் சனம் குரங்கு போலக் கத்தும், வாழைப்பழத் தோல் எறியும். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மகளைக் கொண்டு கேட்பித்தேன். பந்தைப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொடுப்பேன் என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு முழங்கால் போனது. யாரோ குறுக்கே விழுந்ததில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. வெட்டித் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் காலுக்கு அப்பியாசம் கொடுக்கும் பகுதியில் பெயர் பதிகிற மேசையில் இருந்தவள் என் கடைசி மகள் வதனி. அந்த முழங்கால் வழியாகத்தான் அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தார்.

4

எனக்கு விருப்பமில்லை. சாதியா, சமயமா, நிறமா என்று கேட்டால் ஒன்றைப் பிடித்து இதுதான் என்று சொல்ல ஏலாது. கோயிலில் நாலு பேர் என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்லுவேன் என்பதுதான் பெரிதாக நின்றது. தங்களுக்குள் அவர்கள் கலியாணப் பதிவு எழுதினார்கள். எனக்கு அன்றைக்குக் கால் நோவு, போகவில்லை. நோவு இருந்தது உண்மை.

அவர்கள் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தார்கள். சனிக்கிழமை தவறாமல் என் மகன் குகன் கையில் கறி கொடுத்து அனுப்புவேன். சட்டி கழுவித் திரும்பி வரும். ஒருமுறை சட்டிக்குள் சாதிக்காய் வந்தது, தாய் அனுப்பியதாம். அடுத்த கிழமை இறைச்சிக் கறியில் போட்டேன், நல்லாக இருந்தது. ஆனால் ஆரும் கேட்டால் அவரை "வதனியோடை இருக்கிற தம்பி" என்றுதான் சொல்லுவேன். அது வதனியின் காதுக்குப் போய்விட்டது. டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, அவர் ஆர் உங்களுக்கு?"

அடுப்பில் கறி இருக்கு என்றேன்.

"நாலு பேருக்கு முன்னாலை அவரை மருமகன் எண்டு எண்டைக்குச் சொல்லுறியளோ, அண்டைக்கு நான் வீட்டை வாறன். அதுவரைக்கும் கறி அனுப்புங்கோ. சாப்பிடுறம்."

அவள் என் பிள்ளை. சொன்னால் சொன்னதுதான். நான் அவளுடைய தாய், எனக்கும் அந்தக் குணம் உண்டு. இப்படியே மாரி போய், கோடை வந்தது. தெருவில் அவளைத் தூரத்தில் கண்டால் எங்களில் ஒருத்தி மற்றப் பக்கம் கடந்துவிடுவாள்.

5

ஊரில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் மைதானம். பின்னேரத்தில் பெடியள் ஆடுகிற புழுதி கோபுரம் வரைக்கும் எழும்பும். என் மனிசன் உயிரோடு இருந்த காலத்தில் அங்கே கோட்டுக்கு வெளியே நின்று எல்லோரையும் விடக் கூடச் சத்தம் போட்டவர். பிறகு அந்த மைதானத்தில் ஆமி முகாம் போட்டது. ஊரில் ஓர் அணிக்குப் பெடியள் இல்லை. நாவற்கரை அணி என்று ஒன்று இருந்தால் அது லண்டனில்தான்.

ஊர்ப் போட்டி என்றால் ஊர்க்காரர்தான் ஆட வேண்டும். வெளியாளைப் பிடித்து வந்து வென்றால் அது ஊருக்கு வெட்கம். ஆனால் போட்டி தொடங்கிய வருடமே தம்பையா மாஸ்டருடைய மருமகன், வேறு ஊர்ப் பிள்ளை, நல்ல கோல் காவலர் என்று தெரிய வந்தது. அதனால் ஊரில் பிறந்தவர், அல்லது ஊரில் பெண் எடுத்தவர் என்று விதியை மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை பெண் வீட்டோடு போகிறவன், பெண்ணுடைய ஊர்தான் பிறகு அவனுக்கு ஊர். ஆகவே ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்த வருடம் எங்கள் அணியில் நடுவில் ஓட ஆளில்லை. அணிக்குத் தலைவன் குகன். தங்கச்சி புருசனுடைய ஆட்டத்தை அவன் களவாகப் போய்ப் பார்த்து வந்திருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முழங்கால் பாதி சரியென்றாலும் எங்கள் பெடியளுக்கு அது காணும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறான். அதே சங்கத்து ஆட்கள்தான் வதனியின் பதிவுக்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வராமல் விட்டவர்கள். தம்பையா மாஸ்டர் கோயிலில் என்னைக் கண்டால் நவக்கிரகத்தை இன்னொரு முறை சுற்றப் போய்விடுவார். கூட்டத்தில் ஒருவரும் எழும்பி மறுக்கவில்லையாம். எட்டாம் இலக்கச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள்.

6

போட்டி நடந்தது பார்க்கிங் பக்கத்துப் பூங்கா ஒன்றில். நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து, பெரிய அலுமினியச் சட்டி நிறைய அடுக்கி, துணியால் மூடிக் கொண்டுபோயிருந்தேன். அணிக்குச் சாப்பாடு கொடுக்கிற முறை எனக்கு. கெல்வின் ஆடுகிறார் என்று குகன் சொல்லவில்லை. சட்டையைக் கண்டுதான் தெரியும்.

எதிரணி கல்லொழுங்கை. அவர்களுடைய தலைவர் பொன்னம்பலத்தார், ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்தவர், நல்ல உடம்பு. கெல்வினைக் கண்டதும் மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவரை நிற்பாட்டினார். நடுவர் ஒரு வெள்ளைக்காரப் பெடியன், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசிலை வாயில் வைத்தபடி நின்றான்.

"உதென்ன மாஸ்டர், கறுவல் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள்?" என்றார் பொன்னம்பலத்தார். நாங்கள் எல்லோரும் ஏதோ பாலில் தோய்த்தெடுத்த நிறம் என்ற மாதிரி.

மாஸ்டர் விதியைச் சொன்னார். ஊர் மருமகன்.

"ஆர் சொன்னது? கலியாணத்துக்கு உங்களிலை ஆரும் போனனீங்களோ?"

எங்கள் ஆட்கள் புல்லைப் பார்த்தார்கள்.

"அந்தக் கலியாணத்திலை ஆரும் கை நனைச்சனீங்களோ? ஊர் சாப்பிடாதது கலியாணமோ? எனக்குத் தெரிய தாயே போகேல்லை. அங்கை நிக்கிறா, கேளுங்கோ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் வழக்கத்தில் பதிவுக் கடுதாசியைக் காட்டி ஒருவரும் தப்ப முடியாது. ஊர் வந்து பந்தியில் இருந்து கை நனைத்தால்தான் அது கலியாணம். சாப்பிட்டவன் பிறகு அதை மறுத்துப் பேசவும் மாட்டான்.

கெல்வின் நடுக்கோட்டில் நின்றார். சொல் விளங்காவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை. வாழைப்பழத் தோலுக்கும் இந்த முகத்தைத்தான் வைத்திருந்திருப்பார்.

அப்போதுதான் மற்றக் கரையில் வதனியைக் கண்டேன். வெயில் நாளில் நீளக் கோட்டுப் போட்டு நின்றாள். காற்றுக்குக் கோட்டு விலகியது. வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று தலையாட்டினால், அல்லது பேசாமல் நின்றால்கூட, அவள் அப்படியே திரும்பிப் போவாள், பிள்ளை பிறந்த செய்தியும் இனிக் கறிச்சட்டியில்தான் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். நடுவர்ப் பெடியன் ஏதோ சொன்னான். எனக்கு ஆங்கிலம் விளங்காது. நேரே பொன்னம்பலத்தாரிடம் போய்த் துணியை விலக்கினேன்.

"நல்ல சூடு. முதலிலை ஒண்டு எடுங்கோ. பிறகு கேளுங்கோ, சொல்லுறன்."

சாப்பாட்டுக்கு மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிசன். எடுத்தார். ஒரு கடி கடித்தார். அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கும் நீட்டினேன், எடுத்தார்கள். தம்பையா மாஸ்டருக்கு நீட்டினேன். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்தார். பொன்னம்பலத்தார் இரண்டாவதுக்குக் கை நீட்டும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"நீங்கள் சாப்பிடுறது என்ரை மகளின்ரை கலியாணச் சாப்பாடு" என்றேன். "கொஞ்சம் பிந்திப் போச்சு. அவர் என்ரை மருமகன். நாவற்கரை மருமகன். இனி ஆட விடுங்கோ."

பொன்னம்பலத்தார் வாயில் இருந்ததை விழுங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எடுத்த ரோல்ஸைத் திருப்பி வைக்கவும் ஏலாது.

"கலியாணச் சாப்பாட்டிலை ஆட்டிறைச்சியோ?" என்றார் கடைசியில்.

"மணவறைக்குப் பக்கத்திலை எண்டால் சைவம். மைதானத்திலை இப்பிடித்தான்."

அவருடைய பெடியள்தான் முதலில் சிரித்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் கெல்வினிடம் போனேன். அந்த நேரம் வரை நேருக்கு நேர் அவருக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"மருமகன், சாப்பிட்டிட்டு ஆடுங்கோ."

அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் மருமகன் என்பதும் ஒன்று என்று பிறகு அறிந்தேன். வதனி தன் வீட்டில் அந்தச் சொல்லை அடிக்கடி சொல்லியிருக்கிறாள், நான் சொல்லாத சொல் என்று. அவர் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பாதியை நடுவர்ப் பெடியனுக்குக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது கரையில் நான் விரித்திருந்த பாயில் வதனி இருந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையில் பிளாஸ்க்.

"அம்மா, எனக்கும் ஒண்டு தாங்கோ."

சட்டியில் மிச்சம் இருந்தது உடைந்தவைதான். உடையாததாய் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

7

மலருக்கு வேண்டிய பகுதி இதுதான்.

அன்றைக்குக் கெல்வின் பெரிதாக ஓடவில்லை. நடுவில் நின்றபடி, ஒருவரும் இல்லாத இடங்களுக்குப் பந்தை அனுப்பினார். அந்த இடத்துக்கு எங்கள் பெடியள் போயிருந்தால் கோல். அவர்கள் பந்து போய் முடிந்த பிறகு போனார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற கிழடுகளுக்கு மட்டும் அவர் என்ன செய்கிறார் என்று விளங்கியது. ஆளுக்கு ஆள் பெடியளை ஏசினார்கள். கடைசிக் கட்டத்தில் குகன் ஒரு தடவை சரியான இடத்துக்கு ஓடினான். கோல். கல்லொழுங்கைக்கு அதற்கு முதலே இரண்டு இருந்தது. தோற்றோம்.

ஆட்டம் முடிய முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. எல்லோருமாக என் வீட்டுக்கு வந்தோம். உறைந்த பட்டாணிப் பையை வதனி காலில் வைத்தாள். அதை எடுத்துவிட்டு நான் நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசினேன். நான் அங்காலே போக அவள் திரும்பப் பையை வைத்தாள். அவர் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார். வைத்தியர் இனி ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிரெனடா நாட்டு அணியில் தொடங்கிய அவருடைய விளையாட்டு வாழ்க்கை நாவற்கரை அணியில் முடிந்தது. இரண்டுக்கும் அவர் ஒரே அளவு பாடுபட்டார் என்று எழுதலாம். அது பொய்யில்லை.

இப்போது பஸ் ஓட்டுகிறார். இல்ஃபோர்ட் பக்கம் போகிற பஸ். நான் ஏறினால் முகத்தைத் திருப்பாமல் பாஸைக் காட்டச் சொல்லுவார், சட்டம் சட்டம்தான் என்று. தமிழில் முழு வசனம் பேச மாட்டார், எல்லாம் ஒற்றைச் சொல். சோறு போடும்போது "காணும்" என்பார். அது போதும் என்று யாரும் நினைப்பதில்லை, இன்னும் போடுவார்கள். சங்கம் வருடாவருடம் அவரிடம் சந்தா கேட்டு வருகிறது. ஊர் மருமகன் அல்லவா.

என் மற்றப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. குகனுடைய பிள்ளைகள் என்னோடு பேசத் தகப்பனைக் கூப்பிடுவார்கள். வதனியின் மகள் அபி மட்டும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், தகப்பன்தான் கொண்டுபோய் விட்டு, முடியும் வரை வெளியே காத்திருக்கிறார். இந்தப் பக்கங்களை இப்போது அவளிடம்தான் கொடுத்தேன். அவர் முன்னறையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அபி, எழுத்து வடிவில்லை எண்டு சொல்லாதை. முதல் வரியிலை இருந்து வாசி பிள்ளை. எங்கை பிழையெண்டு நான் கேக்கவேணும். முன்னறைக்குக் கொண்டுபோய் வாசி. அப்பாவும் கேக்கட்டும்."

"அப்பாவுக்கு விளங்காது, அம்மம்மா."

"அதுக்கென்ன. அந்த மனிசன் இவ்வளவு காலமும் விளங்காமலே எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரீவியைக் குறைச்சுப்போட்டு, சத்தமாய் வாசி."